உழவர் குழுவுக்குச் சொந்த ஒலிபரப்பு: இணையதளத்தில் பாட்காஸ்ட் அமைக்கும் முறை

சொர்ணவாரி நெல்லில் குருத்து காய்ந்து வருகிறது. பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் இதே தொல்லைக்குச் செய்த பரிகாரத்தைப் போன பருவத்தில் பேசி, வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். இப்போது தேடினால் அது கிடைப்பதில்லை. காலை வணக்கப் படங்களுக்கும் திருமண அழைப்புகளுக்கும் அடியில் எங்கோ புதைந்துவிட்டது. செல்போன் மாற்றியிருந்தால் அடியோடு போயே விட்டது. பயனுள்ள பேச்சு ஒன்று இப்படி வீணாவது ஒவ்வொரு கிராமத்திலும் நடக்கிறது.

இதற்கு ஒரு வழி உண்டு. விவசாயிகள் பத்துப் பேர் சேர்ந்த குழுவோ, உழவர் உற்பத்தியாளர் கம்பெனியோ, பால் சங்கமோ தனக்கென ஓர் இணையதளம் வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒலி நிகழ்ச்சிகளை வெளியிடலாம். இதற்குப் பாட்காஸ்ட் என்று பெயர். வேண்டியபோது கேட்கலாம், நிறுத்தித் திரும்பக் கேட்கலாம், இரண்டு வருடம் கழித்தும் தேடி எடுக்கலாம். எழுத்து வாசிக்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் இது ஏற்றது. ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி வட்டார விவசாயிகளை மனத்தில் வைத்து இதன் செய்முறை இங்கே தரப்படுகிறது.

வானொலி காட்டிய வழி

ஒலியால் விவசாயம் வளர்ந்தது நம் மாநிலத்தில் புதிய செய்தி அல்ல. சென்னை வானொலி நிலையம் 1938ஆம் ஆண்டிலும் திருச்சி நிலையம் 1939ஆம் ஆண்டிலும் தொடங்கின. சென்னை வானொலியின் ஒலிபரப்புக் கருவிகள் நிறுவப்பட்ட இடங்களில் ஆவடியும் ஒன்று. 1960களின் பிற்பகுதியில் ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல்லைப் பற்றி வானொலியில் அடிக்கடி சொல்லப்பட்டது. கேட்ட தஞ்சை விவசாயிகள் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றி அமர்ந்து கேட்ட தலைமுறை இன்றும் நம்மிடையே இருக்கிறது.

1998இல் புதுச்சேரியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராம அறிவு மையங்களை அமைத்தது. வீராம்பட்டினம் மீனவர்களுக்காகக் கடல் அலையின் உயரம் பற்றிய தகவல் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்டு, தமிழில் ஒலிபெருக்கி மூலம் கரையில் சொல்லப்பட்டது. இணையத்தில் வந்த செய்தி ஒலியாக மாறியபோதுதான் அது ஊருக்குப் பயன்பட்டது.

2004 பிப்ரவரி 1ஆம் தேதி அண்ணா பல்கலைக்கழகத்தில் 'அண்ணா எஃப்.எம்.' என்ற சமுதாய வானொலி தொடங்கியது. சமுதாய வானொலி நடத்த மத்திய அரசின் உரிமம், கோபுரம், கருவிகள் எல்லாம் வேண்டும். அதன் ஒலி சில கிலோமீட்டர்களுக்கு அப்பால் எட்டாது. பாட்காஸ்டுக்கு அலைவரிசை உரிமமும் கோபுரமும் தேவையில்லை. ஒரு செல்போன், ஓர் இணையதளம், பொறுப்பான இரண்டு பேர் இருந்தால் போதும்.

பாட்காஸ்ட் என்பது என்ன?

இணையதளத்தில் ஒரு பேச்சை ஏற்றி வைத்தால் மட்டும் அது பாட்காஸ்ட் ஆகிவிடாது. கேட்பவர் ஒவ்வொரு நாளும் தளத்துக்கு வந்து 'புதிதாக ஏதாவது உண்டா' என்று பார்க்க வேண்டியிருக்கும். பாட்காஸ்டில் அந்தத் தொல்லை இல்லை.

பால் சங்கத்தில் ஒரு பதிவேடு இருக்கிறது. யார் எத்தனை லிட்டர் ஊற்றினார் என்று தேதிவாரியாக அதில் எழுதுகிறார்கள். அதுபோல இணையதளமும் தன்னிடம் உள்ள ஒலி நிகழ்ச்சிகளின் பட்டியலை ஒரு பதிவேடாக வைத்திருக்கும். நிகழ்ச்சியின் தலைப்பு, தேதி, ஒலிக் கோப்பு இருக்கும் முகவரி, அதன் அளவு, அதன் வகை ஆகியவை அதில் இருக்கும். இந்தப் பதிவேட்டுக்கு ஆர்.எஸ்.எஸ். ஃபீட் என்று பெயர். கேட்பவரின் செல்போனில் உள்ள செயலி அவ்வப்போது இந்தப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, புதிய நிகழ்ச்சி வந்திருந்தால் தானே கொண்டுவந்து கொடுக்கும்.

இந்த முறை 2004ஆம் ஆண்டு வாக்கில் பரவத் தொடங்கியது. 2005 ஜூன் மாதம் ஆப்பிள் கம்பெனி தன் ஐட்யூன்ஸ் மென்பொருளில் பாட்காஸ்டுகளைச் சேர்த்த பிறகு உலகெங்கும் சென்றது.

இடமும் பெயரும்

முதலில் தளத்துக்கு ஒரு பெயரும், அதை வைக்க இடமும் வேண்டும். இரண்டுக்கும் ஆண்டு வாடகை உண்டு. முதல் ஆண்டு வாடகையைக் குறைத்துச் சொல்லி, அடுத்த ஆண்டு கூட்டுவது இந்தத் தொழிலில் சாதாரணம். ஆகவே புதுப்பிக்கும் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விஷயம் மிக முக்கியம். பெயரும் இடமும் குழுவின் பெயரிலேயே பதிவாக வேண்டும். ஊரில் கம்ப்யூட்டர் படித்த பையன் ஒருவன் ஆர்வமாகத் தன் பெயரில் எல்லாம் செய்து கொடுப்பான். பிறகு அவன் வேலைக்கு வெளியூர் போய்விடுவான். புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் அவன் மின்னஞ்சலுக்குப் போகும்; தளம் மூடப்படும். நிலப் பட்டாவை அடுத்தவர் பெயரில் வைப்பது போன்றது இது. குழுவுக்கென ஒரு மின்னஞ்சல் தொடங்கி, கடவுச்சொல்லை எழுதி, தலைவரும் பொருளாளரும் பத்திரப்படுத்த வேண்டும்.

தளத்தை அமைக்க வேர்ட்பிரஸ் என்ற மென்பொருள் ஏற்றது. 2003ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த இது இலவசமானது. இடத்துக்கு மட்டுமே வாடகை. நிரல் எழுதத் தெரியாதவரும் கட்டுரை, படம், ஒலி ஆகியவற்றைத் தாமே சேர்க்கலாம். இடம் கொடுக்கும் கம்பெனிகளில் பெரும்பாலானவை ஒரே பொத்தானில் இதை நிறுவிக் கொடுக்கின்றன. அமைப்புப் பகுதியில் மொழியைத் தமிழ் என்று மாற்றிக்கொள்ளலாம்.

பதிவு செய்யும் முறை

விலை உயர்ந்த கருவி தேவையில்லை. சாதாரண செல்போனில் உள்ள ஒலிப்பதிவு வசதியே தொடக்கத்துக்குப் போதும். ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். பம்புசெட் அருகிலும், தகரக் கூரையின் கீழும், காற்றடிக்கும் வரப்பிலும் பதிவு செய்யக் கூடாது. வெறும் சுவர் உள்ள அறையில் எதிரொலி வரும். நெல் மூட்டையோ, வைக்கோலோ, துணிமணிகளோ அடுக்கிய அறை எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும். போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், மூச்சுக் காற்று நேராகப் படாதபடி சற்றுப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். ஒரு நிமிடம் சோதனைப் பதிவு செய்து கேட்டுப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். அழைப்புகள் குறுக்கிடாதபடி போனை விமான நிலைக்கு மாற்றிவிடுவது நல்லது.

நிகழ்ச்சி எட்டு முதல் பத்து நிமிடங்களுக்குள் இருக்கட்டும். ஒரு நிகழ்ச்சியில் ஒரே விஷயம் போதும். தொடக்கத்தில் குழுவின் பெயரையும் பதிவு செய்த தேதியையும் பருவத்தையும் சொல்லிவிட வேண்டும். பிற்காலத்தில் கேட்பவருக்கு இது எந்த ஆண்டுச் செய்தி என்று தெரிய வேண்டும் அல்லவா?

பதிவில் உள்ள இருமல், தடுமாற்றம், வெற்றிடம் ஆகியவற்றை வெட்ட ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தலாம். முடிந்ததும் எம்.பி.3 வகைக் கோப்பாக, மோனோ ஒலியில், 64 கேபிபிஎஸ் தரத்தில் சேமிக்க வேண்டும். பேச்சுக்கு இதுவே தாராளம்.

அளவுக் கணக்கு

64 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு விநாடிக்கு 8 கிலோபைட், ஒரு நிமிடத்துக்கு 480 கிலோபைட் ஆகும். பத்து நிமிடப் பேச்சுக்கு ஏறக்குறைய 4.8 மெகாபைட். இதையே 128 கேபிபிஎஸ் தரத்தில் வைத்தால் இரு மடங்கு ஆகும். கேட்பவரின் டேட்டாவும் இரு மடங்கு செலவாகும்.

ஒரு நிகழ்ச்சியை 500 பேர் இறக்கிக்கொண்டால் தளத்திலிருந்து 2.4 ஜிகாபைட் வெளியே போகிறது. மாதம் நான்கு நிகழ்ச்சி என்றால் 9.6 ஜிகாபைட். இடம் வாடகைக்கு எடுக்கும்போதே மாதத்துக்கு எவ்வளவு அனுமதி என்று கேட்டு, இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரே தடவையில் ஏற்றக்கூடிய கோப்பின் அளவுக்கும் வரம்பு உண்டு. சில இடங்களில் அது 2 மெகாபைட்டாகவே இருக்கும். அப்படியானால் கம்பெனியிடம் சொல்லி உயர்த்திக்கொள்ள வேண்டும்.

வேர்ட்பிரஸில் ஏற்றுவது

கோப்பின் பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும், இடைவெளி விடாமல் வைக்க வேண்டும். பிறகு கீழ்க்கண்டபடி செய்யலாம்:

1. 'மீடியா' பகுதியில் எம்.பி.3 கோப்பை ஏற்றவும்.

2. 'ஒலி' என்ற தனிப் பிரிவு ஒன்றை உண்டாக்கவும்.

3. புதிய பதிவு ஒன்றைத் தொடங்கி, தலைப்பைத் தமிழில் எழுதவும். பதிவின் முகவரிப் பகுதியை மட்டும் சுருக்கமாக ஆங்கில எழுத்தில் மாற்றவும். தமிழ் எழுத்து முகவரி, அனுப்பும்போது சதவீதக் குறிகள் நிறைந்து நீண்டுவிடும்.

4. பேச்சின் சாரத்தை ஐந்தாறு வரிகளில் எழுதவும். மருந்தின் பெயர், அளவு, ரகத்தின் பெயர் ஆகியவற்றைத் தவறாமல் எழுத்தில் தரவும்.

5. ஏற்றிய ஒலிக் கோப்பின் முழு முகவரியைப் பதிவில் இணைப்பாகச் சேர்த்து, 'ஒலி' பிரிவைக் குறித்து, வெளியிடவும்.

இவ்வளவு செய்தாலே வேர்ட்பிரஸ் அந்தக் கோப்பைப் பதிவேட்டில் தானே சேர்த்துவிடும். தளத்தின் முகவரியோடு ஒரு சாய்கோடும் 'ஃபீட்' என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்தால் பதிவேட்டைப் பார்க்கலாம்.

ஆனால் பெரிய பாட்காஸ்ட் அங்காடிகளில் சேர, அட்டைப்படம், நடத்துவோர் பெயர், மொழி, பிரிவு போன்ற கூடுதல் விவரங்களும் பதிவேட்டில் இருக்க வேண்டும். இவற்றைச் சேர்க்கத் துணை மென்பொருள்கள் உள்ளன. 'சீரியஸ்லி சிம்பிள் பாட்காஸ்டிங்', 'பவர்பிரஸ்' ஆகிய இரண்டும் பலராலும் பயன்படுத்தப்படுபவை. இரண்டுக்கும் அடிப்படை வசதி இலவசம். 'பிளக்-இன்ஸ்' பகுதியில் பெயரைத் தேடி, ஏதாவது ஒன்றை மட்டும் நிறுவவும். இரண்டையும் சேர்த்து நிறுவினால் குழப்பமே மிஞ்சும்.

அட்டைப்படம் சதுரமாக இருக்க வேண்டும். ஆப்பிள் அங்காடிக்கு ஒரு பக்கம் 1400 புள்ளிகளுக்குக் குறையாமலும் 3000 புள்ளிகளுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். செல்போனில் கட்டைவிரல் அளவில்தான் தெரியும் என்பதால் பெரிய எழுத்தும் ஒரே படமும் போதும்.

ஒரு சிறு அமைப்பைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வேர்ட்பிரஸ் பதிவேடு வழக்கமாகக் கடைசிப் பத்துப் பதிவுகளை மட்டுமே காட்டும். பதினோராவது நிகழ்ச்சி ஏறியதும் முதல் நிகழ்ச்சி பட்டியலிலிருந்து மறைந்துவிடும். 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ரீடிங்' என்பதைத் திறந்து இந்த எண்ணிக்கையை 100 என்று உயர்த்தலாம். துணை மென்பொருளுக்குத் தனி எண்ணிக்கை இருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

அங்காடியில் சேர்ப்பது

பதிவேட்டின் முகவரியை ஆப்பிள் பாட்காஸ்ட், ஸ்பாடிஃபை, யூடியூப் ஆகியவற்றில் ஒரு தடவை கொடுத்துப் பதிந்தால் போதும். அதன் பின் நம் தளத்தில் ஏற்றும் ஒவ்வொரு நிகழ்ச்சியும் தானாக அங்கே போய்ச் சேரும். தளம் நம்முடையதுதான் என்று உறுதி செய்ய, பதிவேட்டில் உள்ள மின்னஞ்சலுக்கு ஓர் எண் வரும். குழுவின் மின்னஞ்சல் அவசியம் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

நேராக இந்த அங்காடிகளிலேயே ஏற்றிவிட்டால் என்ன, சொந்தத் தளம் எதற்கு என்று கேட்கலாம். கூகிள் கம்பெனி நடத்திய கூகிள் பாட்காஸ்ட் செயலி 2024இல் மூடப்பட்டது. தனித் தளமும் பதிவேடும் வைத்திருந்தவர்கள் அதே முகவரியை வேறு செயலியில் கொடுத்துத் தொடர்ந்தார்கள். அடுத்தவர் களத்தில் நெல்லைக் கொட்டினால், அவர் களத்தைப் பூட்டும் நாளில் நமக்குச் சங்கடம். சொந்தக் களம் இருந்தால் எந்த வியாபாரிக்கும் அளக்கலாம்.

ஊருக்குக் கொண்டு சேர்ப்பது

நம் வட்டாரத்தில் பாட்காஸ்ட் செயலி வைத்திருக்கும் விவசாயி குறைவு. ஆகவே நிகழ்ச்சி வெளியானதும் அந்தப் பக்கத்தின் இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். தொட்டவுடன் தளத்திலேயே பாடும். பால் சங்கத்திலும் உரக் கடையிலும் க்யூஆர் குறியீட்டை அச்சிட்டு ஒட்டலாம். பழைய பஞ்சாயத்து ரேடியோவைப் போல, வாரத்தில் ஒரு மாலை கோயில் மண்டபத்தில் சிறு ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினால் செல்போன் இல்லாதவரும் கேட்பார்கள், கேள்வியும் கேட்பார்கள். அந்தக் கேள்விகளே அடுத்த நிகழ்ச்சிக்குப் பொருள்.

எதைப் பேசலாம்?

கோயம்பேட்டு விலையைப் பாட்காஸ்டில் சொல்வதில் பயனில்லை. காலை விலை மாலைக்குப் பழசு. அதற்கு வாட்ஸ்அப் போதும். பருவத்துக்குப் பருவம் திரும்ப வரும் விஷயங்களையே பாட்காஸ்டில் வைக்க வேண்டும். சொர்ணவாரி, சம்பா, நவரைக்கு நாற்றங்கால் தயாரிப்பு, கீரைப் பாத்தியில் இலைப்புள்ளி, மல்லிகையில் கவாத்து, கறவை மாட்டுக்குக் கோடைத் தீவனம் ஆகியவை ஏற்றவை. திரூரில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம். ரகங்களைப் பயிரிட்டவரின் அனுபவத்தைக் கேட்டுப் பதியலாம். உலகப் புகழ்பெற்ற ஐ.ஆர். 20 நெல்லின் பெற்றோரில் ஒன்று டி.கே.எம். 6 என்பது நம் பகுதிக்குப் பெருமை தரும் செய்தி.

அவசரமாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இருக்கிறது. அம்பத்தூரில் 1964இல் தொழிற்பேட்டை வந்தது. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2019இல் ஆவடி தனி மாநகராட்சி ஆனது. வயல்கள் மனைகளாக மாறிவரும் இந்தப் பகுதியில் ஏரிப் பாசனத்தின் நுணுக்கம் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். எந்த மடையை முதலில் திறப்பது, கடைமடைக்கு எத்தனை நாளில் தண்ணீர் சேரும், எந்த வாய்க்கால் எந்தத் தெருவுக்கு அடியில் போயிற்று என்பதெல்லாம் வயதான நீர்க்கட்டிகளின் நினைவில்தான் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வந்ததைக் கண்டோம். அந்த வழிகளை அறிந்தவர்களின் குரலை, அவர்கள் இருக்கும்போதே பதிந்து வைப்பது விவசாயிகளுக்கு மட்டுமல்ல, இங்கே புதிதாகக் குடியேறியவர்களுக்கும் உதவும்.

கவனிக்க வேண்டியவை

ஒலியில் சொல்லும் எண் காதில் தவறாக விழக்கூடும். மருந்து அளவை 'டேங்குக்கு இவ்வளவு' என்று சொல்லக் கூடாது. ஒருவரிடம் 10 லிட்டர் தெளிப்பான் இருக்கும். இன்னொருவரிடம் 16 லிட்டர் இருக்கும். 'ஒரு லிட்டர் தண்ணீருக்கு இத்தனை மில்லி' என்று இரண்டு தடவை சொல்லி, எழுத்திலும் தர வேண்டும். எந்தப் பூச்சிமருந்துச் சிபாரிசையும் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ வேளாண் அலுவலரிடமோ சரிபார்க்காமல் வெளியிடக் கூடாது. 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணிலும் கேட்டுத் தெளியலாம்.

தவறு நேர்ந்துவிட்டால் கோப்பை மாற்றினால் மட்டும் போதாது. முன்பே இறக்கியவர் செல்போனில் பழைய தவறு அப்படியே இருக்கும். அடுத்த நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே திருத்தத்தைச் சொல்ல வேண்டும்.

பேசுபவரின் சம்மதத்தைப் பதிவிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். அவருடைய போன் எண், கடன் விவரம் ஆகியவற்றை வெளியிடக் கூடாது. சினிமாப் பாட்டைப் பின்னணியில் சேர்க்கக் கூடாது. உரிமை பெற்றவர்கள் புகார் செய்தால் நிகழ்ச்சி நீக்கப்படும். உறுமியோ நாதஸ்வரமோ நம் ஊர்க் கலைஞர் வாசித்ததை அவர் அனுமதியோடு சேர்க்கலாம்.

வேர்ட்பிரஸையும் துணை மென்பொருளையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். மாதம் ஒரு முறை 'டூல்ஸ்' பகுதியில் உள்ள 'எக்ஸ்போர்ட்' மூலம் பதிவுகளை இறக்கி வைக்க வேண்டும். இதில் ஒலிக் கோப்புகள் வராது. ஆகவே எம்.பி.3 கோப்புகளைத் தனியே பென் டிரைவில் போட்டு, விதை நெல்லைப் போலப் பாதுகாக்க வேண்டும்.

தொடங்கும் முன் மூன்று நிகழ்ச்சிகளைப் பதிந்து கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒன்று என்று ஆரம்பித்து நடுவில் நிறுத்துவதைவிட, மாதம் இரண்டு என்று வைத்துத் தவறாமல் வெளியிடுவதே மேல். நடவுக்கும் அறுவடைக்கும் நடுவே ஓய்வு கிடைக்கும் நாட்களில் இவ்வேலையைத் தொடங்கினால், அடுத்த பருவம் வருவதற்குள் உங்கள் குழுவின் குரல் கேட்கத் தொடங்கிவிடும்.